மனப்பாடமான ஏழு வரிகள்

எங்கள் கண் மருத்துவமனையில் பார்வை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இருபதடி நீளம், ஒரு கோடியில் இரண்டு நாற்காலிகள், மறு கோடியில் உள்ளே விளக்கு எரியும் இரண்டு எழுத்து அட்டைகள். கதவைச் சாத்திவிட்டால் பகலா இரவா என்றே தெரியாது. வெள்ளை அட்டைகள் மட்டும் இருட்டில் மிதந்துகொண்டிருக்கும். அந்த அறையில் இருபத்தாறு வருஷம் குச்சியும் கையுமாக நின்றவர் எழுத்தக்கா. நோயாளிகள் வைத்த பெயர் அது.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி, பதினான்கு வருஷமாக. பதினோரு மணிக்கு மேல் நடைக்கூடத்தில் சொட்டு மருந்து விடுவதும் என் வேலைதான். விழித்திரையை டாக்டர் பார்ப்பதற்காகக் கருமணியை விரிக்கிற மருந்து அது. விட்டுக்கொண்டவர்கள் பெஞ்சில் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். திறந்தால் வெளிச்சம் கூசும், எதிரில் இருப்பதெல்லாம் பாலில் கரைந்த மாதிரி இருக்கும். அவர்களுக்கு நடுவே அக்கா செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போவார். நாற்பது பேர் தூங்கிக் காணுகிற கனவுக்குள் ஒருத்தி சாவகாசமாக டீ குடிக்கப் போகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அக்காவுக்கு ஆட்களை முகத்தால் அடையாளம் தெரியாது. கண்ணைச் சொன்னால் தெரியும். "அதாண்டி, இடது கண்ணுல புரை, வலது கண்ணு சும்மா துடிச்சுக்கிட்டே இருக்குமே, அவரு" என்பார். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தால் போதும், கண்ணாடி என்ன பவர் என்று என் காதில் சொல்லிவிடுவார். கேட்காமலே சொல்வார், அதுதான் தொல்லை.

அவர் புருஷன் தையல்காரர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று இளவட்ட வயதில் எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அக்கா எழுதி அனுப்பினார். மறுவாரமும் வந்தார். மூன்றாவது வாரமும் வந்தார். "என்னதான் தெரியல உங்களுக்கு?" என்று அக்கா கேட்டதற்கு, "அட்டையைத் தவிர எல்லாம் தெரியுது" என்றாராம். அடுத்த வருஷம் கல்யாணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊழியர்களும் பார்வைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் மருத்துவமனைச் சட்டம். நல்ல சட்டம்தான். நாங்கள் அதைப் பின்பற்றிய லட்சணம் இருக்கிறதே, அதற்குத்தான் எங்களை உதைக்க வேண்டும். கடைசி நோயாளி போனதும், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் அக்காவுக்குப் பார்ப்பேன், அக்கா எனக்குப் பார்ப்பார். அட்டையில் ஏழு வரி. தினம் நூறு பேர் அதைப் படிக்கக் கேட்கிறவர்கள் நாங்கள்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த வருஷமும் அக்கா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் ஏழு வரியும் தடுமாறாமல் சொன்னார். நான் ஃபைலில் ஆறுக்கு ஆறு, அதாவது முழுப் பார்வை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

பதினோரு மாதம் கழித்து அட்டைகளைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டினார்கள். பொத்தானை அமுக்க அமுக்க எழுத்து மாறும். அதை மாட்ட வந்த மெஷின்காரர், "யாராச்சும் உக்காருங்க, காட்டுறேன்" என்றார். அக்கா உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்தினார். மெஷின்காரர் நான்காவது வரியை மட்டும் போட்டார்.

"ப, ர, ட, ய" என்றார் அக்கா, கணீரென்று.

திரையில் இருந்தது ம, ல, க, ச.

மெஷின்காரர் சிரித்தார். "பழைய அட்டைய ஒப்பிக்கிறீங்க" என்றார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையை எடுத்துத் திரையைப் பார்த்தார், மறுபடி பொத்தினார், மறுபடி எடுத்தார்.

"நான் ஒப்பிக்கலடி" என்றார் என்னிடம். "அங்க இருந்துச்சு. ப, ர, ட, ய. நான் பாத்தேன்."

அப்புறம் இடது கண்ணால் கதவைப் பார்த்துவிட்டு, "கதவு நிலை ஏன் நடுவுல வளைஞ்சிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியை எத்தனையோ நோயாளிகள் கேட்டு நான் கேட்டிருக்கிறேன். அது என்ன வியாதி என்று எனக்குத் தெரியும்.

விழித்திரை டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். அடுக்கடுக்கான கோடுகள், நட்டநடுவில் ஒரு பள்ளம்.

"விழித்திரை நடுவுல ஓட்டை விழுந்திருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். இப்பவும் ஆபரேஷன்ல மூடப் பாக்கலாம். ஆனா பார்வை எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

பேசிக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். போன வருஷப் பக்கத்தில் விரல் நின்றது. இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு. கீழே என் கையெழுத்து. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஆபரேஷன் அன்று அக்காவின் இடது புருவத்துக்கு மேல் மையால் குறி வைத்ததும், சொட்டு விட்டதும் நான்தான். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷன், நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். கண்ணுக்குள்ளிருக்கும் கூழை எடுத்து, ஓட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வை உரித்து, உள்ளே வாயுவை நிரப்பினார்கள். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளத்துக்கு அடியில படுத்துக்கிட்டு மேல பாத்த மாதிரி இருந்துச்சுடி. என்னென்னமோ நிழல் நீந்துச்சு. பயமே இல்ல, அழகா இருந்துச்சு" என்றார்.

வாயு மேல்நோக்கி மிதக்கும். அது கண்ணின் பின்பக்கத்தில் போய் ஓட்டையை அழுத்த வேண்டும் என்றால் ஆள் குப்புறத்தான் கிடக்க வேண்டும். ஒரு வாரம், ராத்திரி பகலாக. தையல்காரர் தடித்த ஸ்பஞ்சில் முகம் அளவுக்கு வட்டம் வெட்டி, ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்து, மேஜை நுனியில் கட்டிக்கொடுத்திருந்தார். அக்கா அதில் முகம் புதைத்து உட்கார்ந்திருப்பார். கண்ணில் படுவது தரையும் பார்க்க வருகிறவர்களின் கால்களும்தான்.

"உன் நகத்த வெட்டு, பாக்க சகிக்கல" என்பார் புருஷனிடம்.

"இருபது வருஷமா மூஞ்சியப் பாத்துக் குறை சொன்ன, இப்ப காலுக்கு எறங்கிட்டியா?" என்பார் அவர்.

நான் தினமும் வேலை முடிந்து மருந்து விடப் போவேன். பேச வேண்டுமென்றால் மேஜைக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்தால்தான் முகம் பார்க்க முடியும். வீட்டுக்குள் சாயங்கால வெளிச்சம் அசையாமல் கிடக்கும். கீழே நான், மேலே தொங்கும் அவர் முகம். அந்தரத்தில் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். நான்காவது நாள் அங்கே படுத்தபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, போன வருஷம் நான் உங்களப் பாக்கவே இல்ல. நீங்க மூணாவது வரியில இருக்கும்போதே ஆறுக்கு ஆறுன்னு எழுதி முடிச்சுட்டேன். நான் ஒழுங்கா பாத்திருந்தா..."

அழுகை வந்துவிட்டது. அக்கா, "தண்ணி குடு. ஸ்ட்ரா போட்டுக் குடு" என்றார். கொடுத்தேன். குடித்தார். அவ்வளவுதான். வீடு போய்ச் சேரும்வரை அந்தத் 'தண்ணி குடு' என்னைப் பிடுங்கித் தின்றது.

வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் இடது கண் முழுக்க ஒரே மங்கல். பிறகு பாட்டில் தண்ணீரின் மட்டம் மாதிரி ஒரு கோடு, தலையை ஆட்டினால் அதுவும் ஆடும் என்றார். பிறகு உருண்டையாகி, மணியளவாகி, ஒருநாள் காலையில் பார்த்தால் காணோம். ஸ்கேன் எடுத்த டாக்டர், ஓட்டை மூடிவிட்டது என்றார். "பார்வை எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

அக்கா என்னைக் கைகாட்டினார். "இவதான் பாக்கணும்."

பார்வை அறைக் கதவைச் சாத்தினேன். சோதனைக் கண்ணாடியை மாட்டி, அதன் ஒரு பக்கத்தை அட்டையால் மறைத்து அவர் வலது கண்ணை மூடினேன், விரலிடுக்கு வழியாகப் பார்க்கும் பேச்சுக்கே இடம் வேண்டாம் என்று. புது எழுத்தாகப் போட்டேன். முதல் வரி சொன்னார். இரண்டாவது, மூன்றாவது சொன்னார். நான்காவதில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பிடித்தார். ஐந்தாவதைப் போட்டேன். இருட்டில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் மனசுக்குள் அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், எப்படியாவது அவர் வாயில் வந்துவிடாதா என்று.

"தெரியல" என்றார்.

"கொஞ்சம் நிதானமா பாருங்கக்கா."

"பாத்தாச்சு. தெரியல. நாலு வரின்னு எழுது."

எழுதினேன். ஆறுக்குப் பதினெட்டு. அதை எழுதக் கை வரவில்லை; ஒரு வரி கூட்டிப் போட்டால் என்ன என்று கூட ஒரு கணம் பாழும் மனசு கேட்டது. அக்கா எழுந்து வந்து நான் எழுதியதைக் கிட்டப் பார்த்தார், தலையாட்டினார். குச்சியை வைக்கிற மாதிரி என் தோளில் ஒரு விரலை வைத்தார்.

"உன்னுதையும் நான் அப்படித்தான் எழுதினேன். பதினாலு வருஷமா. ஒரு தடவ கூட நான் உன்னப் பாக்கல. உக்காரு."

உட்கார்ந்தேன். அவரே என் வலது கண்ணை மூடினார். ஆயிரக்கணக்கான பேரை நாங்கள் கேட்ட கேள்வியை, 'என்ன எழுத்து தெரியுது?' என்று, முதல் தடவையாக என்னிடம் நிஜமாகக் கேட்கப் போகிறார். அக்கா பொத்தானை அமுக்கினார். வெள்ளை வெளிச்சத்தில் நான் இதுவரை பார்த்திராத ஒரு வரி வந்து நின்றது. அதை நான் படிக்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.