வேலிக்குள் செத்த கன்றுகள்

மலையில் மரம் அளக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. எல்லோரும் டேப்புக்காரி என்றே கூப்பிட்டார்கள். அடிவாரத்திலிருந்து முகடு வரை ஐந்து இடங்களில், எண் தகடு அடித்த ஆயிரத்துச் சொச்சம் மரங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் மார்பு உயரத்தில் டேப்பால் சுற்றி அளந்து, அடியில் முளைத்த கன்றுகளை எண்ணி எழுத வேண்டும். மழையில் நோட்டு நனைந்துவிட்டால் மறுபடி மலையேறி அளப்பாள்.

"மரம் என்ன ஓடியா போகுது? குத்துமதிப்பா எழுதேன்" என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடிப்பார்கள்.

மரம் ஓடத்தான் செய்தது. பன்னிரண்டாம் வருடம் அது அவளுக்குப் பிடிபட்டது. அடிவாரத்து மரங்களின் கன்றுகள் நடுமலையில் தலைகாட்டின. நடுமலையில் இருந்தவை இன்னும் மேலே போயின. வெயில் விரட்ட விரட்டக் காடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. முகட்டு மரங்களுக்குத்தான் போக்கிடமில்லை. பாசி போர்த்த குட்டை மரங்கள், மூடுபனியைக் குடித்தே வாழ்ந்தவை. பத்து மணி வரை நின்ற பனி இப்போதெல்லாம் ஏழு மணிக்கே கலைந்துவிட்டது. கன்றுகள் முளைத்தன, இரண்டு இலை விட்டன, கோடையில் கருகின.

முகட்டுக்குச் சற்றுக் கீழே அவளுடைய அக்கா, மாமாவோடும் பதினாறு மாடுகளோடும் இருந்தாள். அளக்கப் போகும் நாட்களில் டேப்புக்காரிக்குச் சாப்பாடும் படுக்கையும் அங்கேதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாம் வருடத்தில் புதிதாக ஒரு வன அதிகாரி வந்தார். நோட்டுகளை முதலிலிருந்து புரட்டினார்.

"முகட்டுல கன்னே நிக்கலையே. அங்க மாடு மேயுதா?"

"மேயுது சார். ஆனா நாலு இடத்துல கம்பிவேலி போட்டிருக்கோம். அதுக்குள்ள மாடு போகாது. அங்கயும் கன்னு சாகுதே. வெயில்தான் சார் காரணம்."

"வெயில் மேல நான் கேஸ் போட முடியுமா?" அவர் சிரித்தார். "எண்ணுறதோட நிறுத்திக்கோ. காரணம் சொல்ல வேற ஆள் இருக்கு."

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. வேலிக்குள் செத்த கன்றுகளின் பக்கம் அதில் இல்லை. மூன்றே மாதத்தில் அக்காவின் வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. "உன் அக்காதானே, நீ சொன்னா கேப்பா" என்று அவளையே அனுப்பினார்கள். போகாவிட்டால் வேலை போய்விடும். போனாள்.

உத்தரவைப் படித்துக் காட்டினாள். அக்கா கேட்டாள்:

"கன்னை எண்ணினது யாரு?"

"நான்தான்க்கா."

"சரி. சாப்பிட்டுட்டுப் போ."

அடிவாரத்தில், மர மில்லுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓர் அறை கொடுத்தார்கள். மாடுகள் வந்த விலைக்குப் போயின. ஆயுசு முழுக்கக் குளிரில் இருந்த மாமாவுக்கு அந்தத் தகரத்தின் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் கோடையிலேயே, நண்பகலில், சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். எடுக்க வந்தவர்கள் மத்தியில் அக்கா தங்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மாடுகள் இறங்கி இரண்டு வருடம் கழித்து டேப்புக்காரி முகட்டை எண்ணினாள். ஒரு கன்றுகூட நிற்கவில்லை. நோட்டை அதிகாரியின் மேசையில் விரித்து வைத்தாள்.

"மாடு மேஞ்ச பாதிப்பு இன்னும் தீரலன்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார் அவர்.

எழுதினாள்.

அன்று சாயங்காலம் தகர வீட்டுக்குப் போனாள். அக்கா உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:

"இப்பவாவது அங்க கன்னு நிக்குதாடி?"

செத்துப்போன மாமாவுக்காகவாவது ஏதாவது நிற்கட்டும் என்று தோன்றியது அவளுக்கு. "நிக்குதுக்கா. நிறைய" என்றாள்.

அக்கா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகத் தலையாட்டினாள்.

"அப்ப நம்ம மாடுதான் தின்னிருக்கு. பாவம், அந்த மனுஷன் சாகுற வரைக்கும் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டிருந்தாரு."