நாலு பத்துக்கு வந்த தாஸோ

மாலை மணி நாலு பத்து. டிசம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை, 1944. நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "இருட்டில் எதையோ பார்த்துப் பயந்திருப்பாய்" என்று யாரும் என்னிடம் வரக்கூடாது. இருட்டவில்லை. மூடுபனி இருந்தது, ஆனாலும் பத்தடி தெளிவாகத் தெரிந்தது. கையில் கடிகாரம் இருந்தது. நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ரகம் நான். எங்கள் ஊர்ப் பாதிரியாரிடமே வாயடித்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். இருந்தும் அன்று நடந்தது நடந்ததுதான். நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

அப்போது எனக்கு வயது இருபது. பெயர் நோவெல்லா. ஜெர்மன்காரர்களையும் அவர்களுக்கு வால் பிடித்த நம் ஊர் பாசிஸ்டுகளையும் எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட ஒரு கூட்டத்துக்கு நான் தூதுக்காரி. தலைவர் தாஸோ. அது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, காட்டுக்கு வந்தபின் வைத்துக்கொண்டது. யுத்தத்துக்கு முன் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளி. ரயில் பாலத்தைத் தகர்த்தவர் அவர்தான். பாசிஸ்டுகளின் கோதுமைக் கிடங்கை உடைத்து, ஊருக்கெல்லாம் பங்கு போட்டுவிட்டு, தனக்கென்று ஒரு பிடிகூட எடுக்காமல் போனவரும் அவர்தான். என் அண்ணன் எல்வியோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். முந்தின குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியபோது, பனியில் மூன்று மணி நேரம் முதுகில் சுமந்துபோய் டாக்டரிடம் சேர்த்தவர் தாஸோ. அவன் பிழைத்ததே அதனால்தான்.

நவம்பரில் எங்கள் மறைவிடங்கள் இரண்டு அடுத்தடுத்து எரிந்தன. உள்ளேயிருந்து யாரோ காட்டிக் கொடுக்கிறார்கள். யார் என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து தாஸோவின் தொடையில் குண்டு பாய்ந்தது.

"இனிமே நான் எங்க இருக்கேன்னு ரெண்டு பேருக்கு மேல தெரியக்கூடாது," என்றார்.

ஒருத்தி நான். இன்னொருவர் கிழவர் அமேரிகோ. அவருடைய புகைவீட்டில்தான் தாஸோவைப் படுக்க வைத்தோம்.

எங்கள் மலையில் செஸ்ட்நட் கொட்டைதான் சோறு. அதை மாவாக்குவதற்கு முன் உலர்த்த வேண்டும். அதற்கென்றே தோப்புக்குள் ஒரு கல் குடில். தரையில் தீ, மேலே மரச்சட்டப் பரண், பரண் முழுக்கக் கொட்டை. நாற்பது நாள் இரவு பகலாகப் புகைய வேண்டும். அந்தப் பருவத்தில் மலையில் நூறு கூரைகள் புகையும், எந்தக் கூரைக்கு அடியில் ஆள் கிடக்கிறான் என்று எவனுக்குத் தெரியும்? யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடும் சேதியும் கொண்டு போனேன். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம்கூட. வெள்ளிக்கிழமை நான் மலையிலிருந்து திரும்பின நேரம், எல்வியோ சட்டை மாற்ற வீட்டுக்கு வந்திருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தான்.

"எவன் வீட்டுக் கொட்டைக்குக் காவல் இருக்க?"

"உன் வேலையப் பாருண்ணா."

"கல்யாணச் சாப்பாடாவது போடுவியா? இல்ல, சொல்லாம கொள்ளாம ஓடிப் போயிடுவியா?"

சிரித்தான். நானும் சிரித்தேன், பாவி.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே காலுக்குக் கிளம்பினேன். போர்வைக்குள் சூப்புத் தூக்கு. வழக்கமாக நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அன்று பாதையெல்லாம் உறைபனி, வழுக்கல். இரண்டு தடவை விழுந்தேன், சூப்பில் பாதி என் பாவாடைக்குப் போனது. புகைவீட்டுக்கு இன்னும் இருபது நிமிஷ ஏற்றம் இருந்தது.

"போகாத."

நிமிர்ந்தேன். வளைவில் தாஸோ நின்றிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "எந்திரிச்சு நடக்கச் சொன்னது யாரு? தையல் பிரிஞ்சா யார் தைக்கிறது?"

வழக்கமாக என் ஒரு சொல்லுக்கு அவர் இரண்டு சொல்லுவார். அன்று பேசாமல் இறங்கி வந்தார். நேராக நடந்தார். நொண்டவே இல்லை. முந்தாநாள் வாசல்வரை போகவே சுவரைப் பிடித்த மனிதர்.

பாதை முழுக்க உறைந்த இலையும் கொட்டையின் முள்தோடும். நான் காலை மாற்றி வைத்தால்கூடச் சரக்... சரக்... என்றது. அவர் அத்தனை அடி இறங்கி வந்தும்...

சத்தமே இல்லை.

"யார்கிட்ட சொன்ன?"

"எத?"

"நான் இருக்கிற இடத்த."

சுருக்கென்றது. "எங்கம்மா மேல ஆணை. யார்கிட்டயும் வாயத் திறக்கல."

"வாயத் திறக்கல. சரி."

நான் பேசும்போது என் வாயிலிருந்து ஆவி வந்தது. அவர் பேசும்போது வரவில்லை.

கீழே பார்த்தேன். அந்தக் குளிரில் வெறுங்கால்.

"கழுத்துத் துணிய மோந்து பாரு, நோவெல்லா."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் 'வாயாடி'தான்.

மோந்து பார்த்தேன். புகை. கொட்டை உலர்த்தும் புகை, எத்தனை துவைத்தாலும் போகாது.

ஆனால் பதினோரு நாள் அந்தப் புகைக்குள்ளேயே கிடந்தவர்... கை எட்டும் தூரத்தில் நிற்கிறார்... அவர் மேல் ஒரு வாசனையும் இல்லை.

ஒரு அடி பின்வாங்கினேன்.

"வீட்டுக்குப் போகாத," என்றார்.

"ஏன்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. நாலு பத்து.

நிமிர்ந்தேன்...

யாரும் இல்லை.

ஓடவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மேலே...

சரக்... சரக்... சரக்...

பூட்ஸ். நிறைய பூட்ஸ்.

பக்கத்தில் ஒரு பழைய மரம், அடியில் பொந்து. தூக்கோடு உள்ளே நுழைந்தேன். நாலு முப்பத்தைந்துக்கு அவர்கள் என் முன்னால் போனார்கள். ஏழு ஜெர்மன்காரர்கள், நாலு பாசிஸ்டுகள். ஒருவன் கழுத்தில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ் முடிச்சுப் போட்டுத் தொங்கியது. பின்னால் ஒரு ஏணி. ஏணியில் படுக்க வைத்து தாஸோவின் உடல். போர்வைக்கு வெளியே வெறுங்கால்கள்.

ஏணியின் பின்முனையைத் தூக்கி வந்தவன் எல்வியோ.

கையைக் கட்டியிருக்கவில்லை, முகத்தில் காயமில்லை. கால் வழுக்கியபோது முன்னால் போனவனிடம், "மெதுவா போப்பா, முதுகு போகுது," என்றான். தன்னை முதுகில் சுமந்தவரைத் தூக்கிக்கொண்டு அவன் அப்படிச் சொன்னான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கொட்டையை அந்த வருஷம் ஜெர்மன்காரர்கள் அள்ளிப் போய்விட்டார்கள். எங்கள் புகைவீட்டில் தீயே மூட்டவில்லை. மற்றவர்களும் நவம்பர் கடைசியில் அணைத்துவிட்டார்கள். அமேரிகோ மட்டும் தாமதமாகத் தீ மூட்டியவர். மலையில் ஒரே ஒரு கூரைதான் புகைகிறது, தங்கச்சி மேல் அந்தப் புகை வீசுகிறது. எங்கள் மலையில் பிறந்த எந்தக் கழுதைக்கும் இது போதும். வாயைக் கட்டிய கெட்டிக்காரி எனக்குத் துணியை மாற்றத் தோன்றவில்லை.

கூடப் பிறந்தவன். ஒரே தட்டில் தின்றவன். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சுட்டிருப்பேன்.

வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரியோடு மலை தாண்டி எங்கள் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தாஸோ எப்படியோ தப்பி இறங்கி வந்து என்னை எச்சரித்திருக்கிறார். அதற்குப் பிறகு பிடித்துச் சுட்டிருக்கிறார்கள். நாலு பத்துக்கும் நாலு முப்பத்தைந்துக்கும் நடுவில். துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லையே என்றேன். மூடுபனி விழுங்கியிருக்கும் என்றார்கள். சரி என்று நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு என்ன இருந்தது?

எல்வியோ பாசிஸ்டுகளோடு போனவன் போனவன்தான். நான் தேடவில்லை. அம்மா சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் யுத்தம் முடிந்தது. மே மாதம் அமேரிகோ ஊர் திரும்பினார். அவர் செத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தோம். சிப்பாய்கள் வந்தபோது அவர் பரணில் கொட்டையைப் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அப்படியே கொட்டைக்குள் புதைந்து, இருமல் வராமல் தொப்பியைக் கடித்துக்கொண்டு, பின்பக்கச் சின்னக் கதவின் இடுக்கில் மூக்கை வைத்துக் கிடந்திருக்கிறார். கீழே நடந்த அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது.

"எத்தனை மணிக்குச் சுட்டாங்க?" என்று கேட்டேன்.

"மத்தியானம். கோயில் மணி ஒன்னு அடிச்சு ஓயல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஒன்னுதான் அடிச்சுது. பூட்ஸ அப்பவே உருவிட்டானுங்க."

"ஒரு மணிக்கே சுட்டாச்சுன்னா, நாலு மணி தாண்டி அங்க என்ன பண்ணிட்டு இருந்தானுங்க?"

கிழவர் தரையைப் பார்த்தார். "விடு தாயி. முடிஞ்சு போச்சு."

"சொல்லுங்க."

"அதிகாரி கிளம்பலாம்னு எந்திரிச்சான். உங்கண்ணன்தான் இருங்கன்னான். 'தலைவனுக்கு அஞ்சு கிலோ உப்புன்னு சுவத்துல ஒட்டியிருக்கீங்க, தூதுக்காரிக்கு எவ்வளவு?'ன்னு கேட்டான்."

உப்புக்கு மலையே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது.

"எவ்வளவுன்னாங்க?"

"ரெண்டு கிலோ."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

அமேரிகோ என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்:

"'நாலு மணிக்கு வந்துருவா. நீங்க யாரும் வெளிய வராதீங்க, ஓடிருவா. நான் வாசல்ல நின்னு கூப்பிடுறேன். என் குரல்னா நேரா வந்துருவா'ன்னான்."