நகத்தால் தடவிப் பார்த்தவர்

போன வருடம் மழைக்காலத்தில், பெருங்காற்று அடித்த மறுநாள் நடந்தது இது. நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் வீடுகளின் மேலும் தெருவிலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. மரம் அறுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பிளாக்கைச் சுத்தம் செய்யும் வேலையைக் கான்ட்ராக்டர் எனக்குக் கொடுத்திருந்தார். முதல் மரத்திலேயே மரம் அறுக்கும் மெஷின் இறுகி நின்றுவிட்டது.

குள்ளஞ்சாவடியில் உள்ள பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பிரித்தார். சிலிண்டரின் உள்ளே நெடுகக் கோடுகள்.

"சிலிண்டர் போச்சுங்க. புதுசு போட்டுடலாம்" என்றார்.

புதியது என்றால் கடன் வாங்க வேண்டும். பழையதையே சரி செய்து, அது பாதி மரத்தில் நின்றால், அந்த வேலை இனி என் பக்கம் வராது. எனக்குக் கூச்ச சுபாவம். யாரிடமும் யோசனை கேட்கத் தெரியாது.

செயின் வாங்க வந்திருந்த ஒருவர் அந்தச் சிலிண்டரைக் கையில் எடுத்தார். காடாம்புலியூர்க்காரர். அவரும் மரம் அறுப்பவர்தான். நான் விட்டால் அந்தப் பிளாக் அவருக்குத்தான் போகும். அது எங்கள் இருவருக்குமே தெரியும். சிலிண்டரின் உள்ளே விரல் நகத்தால் தடவினார்.

"நகம் மாட்டலியே, கோடு ஆழமில்ல. பிஸ்டன் தேஞ்சி இதுல ஒட்டிகினு இருக்குது, அவ்ளோதாங்க. உப்புத்தாள் போட்டா வந்துடும். பிஸ்டனும் ரிங்கும் மட்டும் மாத்துங்க."

"என் யாவாரத்துல மண்ணப் போடத்தான் காலையிலயே வந்தியா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மெஷின் நின்றால் லாபம் இவருக்கு. எப்படி நம்புவது? நான் தயங்குவதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்களே தடவிப் பாருங்க" என்று நீட்டினார். கோடு கண்ணுக்குத் தெரிந்தது, நகத்தில் தட்டுப்படவில்லை. பிறகு கார்புரேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினார். மெல்லிய வெடிப்பு.

"இது வழியா காத்து பூந்துதான் சூடாயிருக்குது. இத மாத்தாம புது சிலிண்டர் போட்டீங்கன்னா அதுக்கும் இதே கதிதான்."

கடைக்காரரும் குனிந்து பார்த்தார். "ஆமாங்க, நான் இத பாக்கல" என்றார். குழாயை மாற்றி, பழைய சிலிண்டரையே சரி செய்யச் சொன்னேன்.

காடாம்புலியூர்க்காரர் கிளம்பியபோது, நன்றிக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். "பாத்து அறுங்க, கரண்ட் கம்பி கெடக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மதியமே மெஷின் ஓடியது. பிளாக் முழுவதும் அறுத்து முடித்தேன். இன்றும் அதே சிலிண்டர்தான். அன்று அவர் பேசாமல் நின்றிருந்தாலே போதும், வேலை அவருக்கு வந்திருக்கும். ஆனாலும் பேசினாரே என்று, கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.