போட்டிக் கட்சி

பாண்டிச்சேரி கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. சாயந்திரம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் பேச ஆள் கிடையாது. அப்படித்தான் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரில் போய் விழுந்தேன். கல்லூரிப் பெண்கள் இருவர் மந்திர சக்தியால் உருமாறி பூதங்களோடு மோதுவார்கள். பூதம் வராத நாளில் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தொடருக்குத் தமிழில் ஒரு டெலிகிராம் குழு இருந்தது. அதில் இரண்டு கட்சி. அந்த இருவருக்கும் நடுவில் இருப்பது காதல் என்பது ஜோடிக் கட்சி. போட்டி, வெறும் போட்டிதான் என்பது எங்கள் கட்சி. எங்களுக்கு நான்தான் தலைவி. எதிர்க்கட்சிக்குத் தலைவி ஒரு நர்சிங் மாணவி. கோரிமேடு பக்கம் விடுதியில் இருப்பதாக ஒருமுறை சொல்லியிருந்தாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எனக்கு அவல் கிடைத்தது.

"பாருங்கக்கா, மழையில குடைய அவ பக்கமே சாய்ச்சிப் புடிச்சிருக்கா. இது லவ் இல்லன்னா இன்னா?" என்று எழுதுவாள்.

"குடை புடிச்சா லவ்வா? அப்போ நம்ம பஸ் ஸ்டாண்டுல தினம் நூறு கல்யாணம் நடக்கணும்" என்று நான் எழுதுவேன்.

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதே மறந்துபோகும். ஒளிவுமறைவு எதற்கு, ஒரு நாளில் நான் மனதாரப் பேசியது அவளிடம் மட்டும்தான். அவள் எழுதாத நாளில் சோறு இறங்காது.

ஒருநாள் எனக்குத் தனியாக எழுதினாள். "அக்கா, நீங்களும் பாண்டிதான? ஞாயித்துக்கிழம பீச்சுல பாக்கலாமா? ஹாஸ்டல்ல எனக்குப் பேச யாருமே இல்லக்கா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஆனால் என் புத்தி எங்கே போகும்? அதை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட்டேன். "எதிர்க்கட்சித் தலைவி சரணடைய வராங்க!" என்று மேலே ஒரு வரி வேறு. குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று நம்பிவிட்டேன்.

அதன்பிறகு அவள் பேச்சு குறைந்தது. பீச்சைப் பற்றி மறுபடி எழுதவே இல்லை. தொடரின் கடைசிப் பகுதியில் அந்த இருவரும் கைகுலுக்கி ஆளுக்கொரு திசையில் போனார்கள். நாங்கள் ஜெயித்தோம். "வாழ்த்துகள் அக்கா" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகினாள்.

இரண்டு வாரம் வீம்பாக இருந்தேன். பிறகு நானே இறங்கிவந்து, "இந்த ஞாயித்துக்கிழம பீச்சுக்கு வரியாம்மா?" என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது. "வேணாம்க்கா. நான் வந்து எதிர்ல உக்காந்தா, அதையும் போட்டோ எடுத்து குரூப்ல போடுவீங்க."

மாட்டேன் என்று எழுதினேன். படித்துவிட்டாள்.