புல்லாங்குழலுக்கு அடியில் ஒரு குரல்

தாராவியிலும் காதலிக்கிறார்கள் என்பது மாரிசெல்வத்தின் கட்சி. இதை யாரும் மறுத்ததில்லை; இருந்தும் இருபது வருடமாக அவர் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

"சினிமால நம்மாளுக்கு ரெண்டே வேலதான். ஒண்ணு கத்தி பிடிக்கணும், இல்லன்னா இட்லி விக்கணும். லவ் பண்ணுததுக்கு டைமே குடுக்க மாட்டானுவ" என்பார். கேமராவோடு வருகிறவன் தொண்ணூறு அடி ரோட்டில் இறங்கியதும் முதலில் சாக்கடையைத்தான் தேடுகிறான் என்பது அவருடைய இன்னொரு மனக்குறை. செம்பூரில் ஒரு குறும்பட விழாவில், 'எங்கள் கதையை எங்கள் குரலிலேயே சொல்ல வேண்டும்' என்று பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

மூன்று குறும்படம் எடுத்த இந்த இயக்குநருக்குச் சோறு போடும் தொழில் கல்யாண வீடியோ. அதில் முதல் வேலை, மண்டபத்தில் யார் என்ன பேசினாலும் அதை அழித்துவிட்டு மேலே பாட்டைப் போடுவது. இரண்டாவது, மணப்பெண்ணின் முகத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளி வெளுக்க வைப்பது. இரண்டிலும் அவர் கெட்டிக்காரர்.

நாற்பத்து நான்காவது வயதில் வாய்ப்பு வந்தது. அந்தேரியில் ஒரு கம்பெனி, பம்பாயின் உண்மைக் காதல்கள் ஐந்தைச் சேர்த்து ஒரே படமாக எடுக்க இருந்தது. அதில் ஒன்று தமிழ்க் கதை. பொறுப்பாளர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த வேங்கடசுப்ரமணியன். நிபந்தனை ஒன்றுதான்: கதையில் வருகிற நிஜ மனிதர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மாரிசெல்வம் தன் காதலையே எழுதினார். பதினாறு வருடத்துக்கு முன், சீத்தா கேம்ப் குடியிருப்பில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணம். மணப்பெண்ணின் தங்கை கூட்டத்தில் நிற்கிறாள். மாரிசெல்வத்தின் கேமரா அவள்மேல் நிலைக்கிறது. அவள் கண் கலங்குகிறது, உதடு அசைகிறது, பிறகு சிரிக்கிறாள். புல்லாங்குழல். இதுதான் முதல் காட்சி.

அந்தத் தங்கைதான் ரீனா. இப்போது அவர் மனைவி. செம்பூரில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் வேலை. ஆயிரம் படிவங்களில் பிறரிடம் கையெழுத்து வாங்கியவர் என்பதால், தன் கையெழுத்தைச் சும்மா கொடுப்பதில்லை. தமிழில் அவர் தடையில்லாமல் படிப்பது பைபிள் ஒன்றுதான். அதனால் மாரிசெல்வம் வாசித்துக் காட்டினார்.

"மொத சீன்ல நான் என்ன சொல்லுதேன்?" என்றார் ரீனா.

"அங்க மியூசிக் வருது."

"வரட்டும். ஒதடு அசையுதுல்லா, என்ன சொல்லுதேன்?"

"ஞாபகம் இல்லியே."

"மைக்க பிடிச்சா எங்க கத எங்க குரல்னு பேசுதீய. வீட்டுல உள்ளவ மட்டும் ஊமையோ? கண்டுபிடிச்சு எழுதுங்க, சைன் போடுதேன். அதுவரைக்கும் நஹி."

அந்தக் காட்சியை அவர் நூறு முறையாவது பார்த்திருப்பார், எப்போதும் பாட்டோடு. பாட்டில்லாத மூல கேசட் பரணில் கிடந்தது. அதை ஓட்டும் கருவியை மாஹிமில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து இரவல் வாங்கி வந்தார். வியாழக்கிழமை காலை, ரீனா வேலைக்குக் கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஒரே இரைச்சல். பந்திக்கு யாரோ ஆள் கூப்பிடுகிறார்கள். நடுவில், இன்னும் வெளுக்கப்படாத ரீனா. கண் கலங்குகிறது. உதடு அசைகிறது.

"அண்ணே, லைட்ட அங்கிட்டுத் திருப்புங்க, கண்ணு கூசுது." கேமரா அசையவில்லை. "எண்ணே, ஒங்களத்தான். காது கேக்கலியா?"

அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு. அதுவும் பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்து.

மாரிசெல்வம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அண்ணன் அண்ணனாகவே இருந்தார்.

"அப்ப எம்மேல ஒனக்கு எப்பத்தான் லவ் வந்துச்சு?"

"தெரியல. யாருடா இந்த மெண்டல்னு திட்டுததுக்குத்தான் ஒங்க வீடியோ கடைக்கு வந்தேன்."

"திட்டலியே?"

"சாயா குடுத்தீய."

"அப்போ சாயாவா?"

"அதுவும் நல்லா இல்ல."

அவர் அன்றே காட்சியைத் திருத்தி எழுதினார். கூசும் கண், இரண்டு அண்ணே, தோழி, எல்லாம் வந்தன. ரீனா கேட்டு முடித்து, கடிதத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டார். இரண்டும் அன்றிரவே அந்தேரிக்குப் போயின. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வேங்கடசுப்ரமணியன் போன் செய்தார்.

"சார், ஹீரோவ ஹீரோயின் அண்ணாங்கறாளே?"

"நெசமா அப்படித்தான் சார் கூப்பிட்டா."

"நிஜம்தான், யார் இல்லேன்னா? ஆனா லவ் ஸ்டோரில இருக்க வேண்டிய நிஜமா இது? பாக்கறவா குழம்பிடுவா. அந்த ரெண்டு வரிய மட்டும் ம்யூட் பண்ணி, மேல ஃப்ளூட் போட்டுடலாமே?"

இந்த யோசனை தனக்குப் பதினாறு வருடத்துக்கு முன்பே தோன்றியது என்பதை மாரிசெல்வம் சொல்லவில்லை. காதலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் சேர்த்து வைத்திருந்த கருத்துகளில் ஒன்றையாவது எடுக்கப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒன்றும் கைக்கு வரவில்லை.

"அண்ணே இருக்கட்டும் சார். அத எடுத்தா கையெழுத்து போயிரும்" என்றார்.

"சரி, மேல கேட்டுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்கோ. ஃபார்ம்ல போடணும். இது லவ் ஸ்டோரியா, காமெடியா?"

மாரிசெல்வம் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேள்வியை அப்படியே ரீனாவிடம் கேட்டார். ரீனா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு டைம் ஆச்சு. யோசிச்சு சாயங்காலம் சொல்லுதேன்" என்று சந்தில் இறங்கிப் போய்விட்டார்.

மாரிசெல்வம் போனை மறுபடி காதில் வைத்தார்.

"சாயங்காலம் சொல்லுதேன் சார்."