ஹீட்டர் பிடிக்கும் சத்தம்

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றியபோது மேற்பார்வை என் பொறுப்பு. காயல் ஈரத்தில் ஓவியங்கள் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஏசியின் குளிர்காற்றைக் கொஞ்சம் சூடாக்கி, உலர்வாக அனுப்பும் ஹீட்டர் பெட்டிகளைக் கூரையில் பொருத்தினார்கள். வயரிங் செய்ய களமசேரியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், நரைத்த மீசை, பாலக்காட்டுத் தமிழ்.

ஒவ்வொரு பெட்டியையும் இணைத்து ஓடவிட்டதும் ஏணியிலிருந்து இறங்கி, அதன் அடியிலேயே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஏசி இன்னும் ஓடாததால் நாங்கள் வியர்த்து விசிறிக்கொண்டிருப்போம். அவர் சூடான காற்றுக்கு முகத்தைக் காட்டுவார்.

“இந்தச் சூட்டுல அங்க என்ன சேட்டா செய்யறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சத்தம் கேக்கறேன் சேச்சி. மோள் அயர்லாண்டுல நர்ஸு. எழுந்ததும் எனக்கு போன் பண்ணிட்டே ஹீட்டர் போடுவா. ‘டிக்’னு பிடிச்சு, அப்பறம் இதே மாதிரி ஒரு இரைச்சல் வரும்.”

“இப்பவும் தினம் பண்ணுவாளா?”

“கல்யாணம் ஆயாச்சு. குழந்தையும் ஆச்சு. அவளுக்கு எங்க நேரம்?” என்று சிரித்தார்.

வேலை முடிந்த அன்று கருவிகளைப் பையில் போட்டவர் தயங்கி நின்றார்.

“இன்னும் ஒரு தடவ போட்டுப் பாக்கட்டே?”

சோதிக்க எதுவும் பாக்கியில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். “போடுங்க சேட்டா” என்றேன். பேசிக்கொண்டிருந்த மற்றவர்களைச் சாயா குடிக்க அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.