தேதி எழுதாத விளக்கு

அந்தத் தெருவில் நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிகள் ஆறு. ஆறிலும் தண்ணீருக்கடியில் எரியும் விளக்குகளுக்கு ஒரே வைத்தியர் டெஸ்டர் அக்காதான். டெஸ்டரைப் பேனா மாதிரி காதில் செருகிக்கொண்டு திரிவதால் வந்த பெயர். இருபது வருடமாகக் குளத்தங்கரையில்தான் பிழைப்பு; நீச்சல் மட்டும் தெரியாது. "உள்ள விழுந்துட்டா லைட்டப் புடிச்சுட்டுத் தொங்குவியாம்மா?" என்று மகள் கேலி செய்வாள். "விழுந்தாத்தானே?" என்பாள் அக்கா. இதுவரை விழுந்ததில்லை.

அன்று கூப்பிட்டது மூலைக் கட்டடம். பத்து நாளாகக் குளத்து விளக்கைப் போட்டால் ட்ரிப் ஸ்விட்ச் டப்பென்று விழுந்துவிடுகிறதாம். அது சும்மா விழுகிற ஸ்விட்ச் இல்லை. மின்சாரம் எங்கோ கசிந்தால்தான் விழும். அது விழுவதால்தான் குளிக்கிறவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேருகிறார்கள்.

கட்டடத்தின் செகரெட்டரி விசாரணையும் நடத்தித் தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தார். குற்றவாளி வலைக்காரர். குளத்தைச் சுத்தம் செய்கிறவர், எந்நேரமும் இலை அள்ளும் வலையோடு நிற்கிற மனிதர். தரையைக் கழுவும்போது ஸ்விட்ச் பெட்டிக்குள் தண்ணீரை அடித்துவிட்டார் என்று சொல்லி, மாதக் கடைசியோடு அவரை நின்றுவிடச் சொல்லியாயிற்று.

"பெட்டிப் பக்கமே பைப்பத் திருப்பல தங்கச்சி. என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றார் வலைக்காரர்.

"சத்தியமெல்லாம் எதுக்குண்ணே? பெட்டியே சொல்லிடும்."

அக்கா மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். 'ஆஃப் பண்ணியாச்சு' என்று அடுத்தவர் சொன்னதை நம்பிக் கையை விட்டவன் யாரும் இரண்டாவது தடவை கையை விட்டதில்லை என்பது அவள் கட்சி. கரையில் பதித்திருந்த சின்ன டப்பாவைத் திறந்து, விளக்குக்குப் போகும் வயரைக் கழற்றி ஒதுக்கினாள். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்விட்சை ஏற்றினாள். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். ஸ்விட்ச் அசையவில்லை.

"பெட்டி சுத்தம். சீக்கு விளக்குலதான்" என்றாள். வலைக்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

மறுபடி ஃபியூஸ் பைக்குள் போயிற்று. அக்கா கரையில் குப்புறப் படுத்து, தோள்வரை தண்ணீரில் கையை விட்டு, விளக்கின் தலையிலிருந்த ஒற்றைத் திருகைக் கழற்றினாள். விளக்கின் பின்னால் வயரைத் தாராளமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். குளத்தை வடிக்காமலே கரைக்கு இழுத்துவிடலாம். வலைக்காரர் வயரைப் பிடித்துக்கொள்ள, விளக்கு மேலே வந்தது. ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் களக் களக் என்றது.

திறந்தாள். கண்ணாடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் காக்க வேண்டிய ரப்பர் வளையம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அக்காவின் கண் அதோடு நிற்காமல் உள்விளிம்புக்குப் போயிற்று. புது வளையம் போடும்போதெல்லாம் அங்கே மார்க்கரால் தேதி எழுதுவது அவள் வழக்கம். கடைசித் தேதி ஐந்து வருடம் முந்தையது.

அவளுக்குத் திக்கென்றது. போன வருடம் இந்த விளக்கைத் திறந்து பல்பு மாற்றியது அவளேதான். செகரெட்டரி பேரனின் பிறந்தநாள். சாயங்காலத்துக்குள் எரிந்தே ஆக வேண்டும் என்று நெருக்கினார்கள். கையில் புது வளையம் இல்லை. பழையதையே திருப்பிப் போட்டு இறுக்கிவிட்டு, அடுத்த வாரம் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று போனவள் மறந்தே போனாள்.

அந்த நேரம் பார்த்து செகரெட்டரி வந்து நின்றார். நொறுங்கிய ரப்பரை எட்டிப் பார்த்தார்.

"போன வருஷம்தானேம்மா மாத்துனீங்க? அதுக்குள்ள எப்படி இப்படி ஆவும்? இந்தாளு குளோரின அள்ளி அள்ளிக் கொட்டியிருப்பான். நான் அப்பவே சொன்னேன்."



பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அக்கா எதையும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். பேசினாலோ, இந்தக் கட்டடத்தில் சொன்னது விடிவதற்குள் ஆறு கட்டடத்துக்கும் கேட்டுவிடும். மகளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருடம் பாக்கி. அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வயரை இன்னும் பிடித்தபடி நின்ற வலைக்காரரின் கைகளை ஒரு முறை பார்த்தாள்.

"குளோரின் இல்ல சார். போன வருஷம் நான் ரப்பர் மாத்தல. பழசையே திருப்பிப் போட்டேன். தப்பு என்னோடது."

செகரெட்டரி குளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பசங்க குளிக்கிற குளம்மா இது."

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன்."

"இத முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. இனிமே நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்." திரும்பி நடந்தவர் நின்று, வலைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், "நீ வேலையப் பாருப்பா. போக வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா விளக்கைத் துடைத்துக் காயவைத்து, புது பல்பும் புது வளையமும் போட்டாள். உள்விளிம்பில் அன்றைய தேதியை எழுதினாள். அதற்கு மேலே, காலியாக இருந்த இடத்தில், 'போன வருடம் பழைய வளையமே' என்றும் எழுதினாள். அடுத்த முறை திறக்கப்போவது வேறு யாரோ; அவர்களுக்கும் தெரியட்டும்.

விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கித் திருகினாள். வயரைச் சேர்த்து டப்பாவை மூடி, ஃபியூஸை எடுத்து வலைக்காரர் கையில் கொடுத்தாள். "நீங்களே போடுங்கண்ணே."

அவர் பெட்டியிடம் போய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஸ்விட்சை ஏற்றினார். குளத்தின் அடியில் வெளிச்சம் மஞ்சளாகப் பரவியது. ஸ்விட்ச் விழவில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் விழவில்லை.

"நிக்குது தங்கச்சி" என்றார். பெட்டியில் கை வைத்தபடியே தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

அக்காவும் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் வந்து அழுங்க. பெட்டிக்குள்ள தண்ணி போச்சுன்னா மறுபடியும் உங்க தலையிலதான் வந்து விடியும்."